வலது பாக்கெட்டில் பந்து

என் வீட்டுக்காரருக்கு நாய் என்றாலே ஆகாது. கல்யாணமான புதிதில், தெருமுனையில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தால் என்னை முன்னால் விட்டுவிட்டு அவர் பின்னால் வருவார். ஆள் வாட்டசாட்டமானவர், உத்தியோகமோ போலீஸ். கேட்டால், "நீ நர்ஸ், கடிச்சா உனக்கு ஊசி போட்டுக்கத் தெரியும்" என்பார். அந்த மனுஷரைத்தான் இலாகா மோப்ப நாய்ப் பிரிவில் கொண்டுபோய்த் தள்ளியது. பதவி உயர்வு என்று நினைத்துவிடாதீர்கள். தண்டனை. ஓர் ஊர்வலத்தில் கூட்டத்தை அடித்துக் கலைக்கச் சொன்னபோது, "யாரை ஐயா அடிக்கணும்?" என்று கேட்டுவிட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிற வியாதி அவருக்கு அப்போதே இருந்தது.

முதல் மாதம் முழுக்கக் கையில் கட்டோடுதான் வீட்டுக்கு வந்தார். அப்புறம் ஒரு குட்டியை அவர் பொறுப்பில் விட்டார்கள். கறுப்பும் பழுப்புமாக, காது மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தால்தான் வாய் வைக்கும். நேற்றைய பருக்கை ஒன்று ஒட்டியிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எந்தச் சீமையிலிருந்து வந்த துரையோ என்று நான் எரிச்சலில் சொன்னேன். அதுவே பெயராகிவிட்டது. இலாகாவில் ஏதோ ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் துரை திரும்பிக்கூடப் பார்க்காது.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. நாயைக் கண்டு ஓடியவர் நாய்க்குச் சீப்பு வாங்கி வந்தார். காது துடைப்பார், பல் பார்ப்பார், நகம் வெட்டுவார். எனக்கு ஒரு நாளாவது தலை சீவி விட்டிருப்பாரா என்று பக்கத்துக் குடியிருப்புப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். ஊரில் அவருக்கு நாய்க்காரர் என்று பெயர் விழுந்தது. கடையில் கடன் சொல்லாமல் வாங்கினாலும், ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல பெயர் இருந்தாலும், என்னை நாய்க்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். மாற்ற முடியாத விஷயத்துக்குக் கோபப்பட்டு என்ன பிரயோஜனம் என்று விட்டுவிட்டேன்.

வேலை என்னவென்றால் இதுதான். வெடிமருந்து வாசம் வந்தால் நாய் குரைக்கக் கூடாது, கீறவும் கூடாது. சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தால் கூலி ஒரு ரப்பர் பந்து. பச்சை நிறம், பல் பட்டுப் பட்டுத் தோல் உரிந்த பந்து. துரைக்கு உலகத்தில் அதைவிட உசத்தியாக எதுவும் கிடையாது. அந்தப் பந்தை இவர் எப்போதும் கால்சட்டையின் வலது பாக்கெட்டில் வைத்திருப்பார். வீட்டுச் சாவியும் அதே பாக்கெட்டில்தான். நாய்க்கொட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பின்புறம் இருந்ததால் வேலை முடிந்து துரையையும் கூட்டிக்கொண்டு வருவார். வாசலில் நின்று சாவிக்காகப் பாக்கெட்டுக்குள் கை விட்டால் போதும், துரை டபக்கென்று உட்கார்ந்துவிடும். எங்கள் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு சல்யூட் அடிக்குது பாரும்மா" என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்த வேடிக்கையைக் காட்டுவோம். அவர் பாக்கெட்டைத் தொடுவார், துரை உட்காரும், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிப்பதற்கு மட்டும்தான் அதில் விஷயம் இருக்கிறது என்று நினைத்தோம்.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது ஒரு காலை வேளையில். காத்திருப்புக் கூடத்தில், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்து நின்றபோது. நான் பணியில் இருந்தேன். முதல் ஆம்புலன்ஸ் வண்டி வந்தபோது விபத்து என்றார்கள். இரண்டாவது வண்டியின் கதவைத் திறந்ததும் விபத்து இல்லை என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது. கட்டில்கள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, கடைசியில் மருந்து வைக்கிற அறைத் தரையிலும் படுக்க வைத்தோம். அந்தத் தரையில் கிடந்த ஒரு மனிதர், நடுத்தர வயது, நல்ல இஸ்திரி போட்ட சட்டை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டி போயிடுச்சா சிஸ்டர்?" போகவில்லை, நிற்கிறது, நிதானமாக எழுந்திருங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அவர் யார், எந்த ஊருக்குப் போகவிருந்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் என் கையை விடுவித்தேன். அடுத்த ஆள் காத்திருந்தார்.

இதைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் என் கையில் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். நர்ஸ் அப்படி நினைக்கக் கூடாது என்று யாராவது சொல்ல வந்தால், அன்று அந்தத் தரையைத் துடைத்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மேலிடத்திலிருந்து நெருக்கடி. யாரையாவது பிடித்தாக வேண்டும். இவருடைய அதிகாரி தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்தார். ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ரேடியோ, மின்விசிறி, கடிகாரம் எல்லாம் பழுதுபார்க்கிற ஒரு கடை இருந்தது. கடைக்காரர் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர், கல்யாணமாகாதவர், அக்காவோடு கடைக்கு மேல் அறையில் இருந்தார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். கடை முழுக்க வயரும் பேட்டரியும் கழற்றிப் போட்ட கடிகாரங்களும். இது போதாதா? யாரோ ஒருவர் காதில் போட, அதிகாரி பிடித்துக்கொண்டார். ஜீப்பில் போகும்போதே இவரிடம் சொன்னாராம், தகவல் உறுதி, அந்தக் கடைதான், உன் நாய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்று.

துரை கடையைச் சுற்றி வந்தது. ஓர் இரும்பு அலமாரிக்கு முன்னால் இவர் நின்றார். துரை உட்கார்ந்தது.

அலமாரியை அறுத்துத் திறந்தால் உள்ளே பழைய கேசட்டுகளும் செத்த பேட்டரிகளும்தான். சாமானை எடுத்துவிட்டான், வாசம் மட்டும் நிற்கிறது என்றார் அதிகாரி. ரேடியோக்காரரை முகத்தில் துணி போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பத்திரிகையில் துரையின் படம் வந்தது, பக்கத்தில் இவருடைய முழங்கால் வரை. துரைக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். நான் அந்தப் படத்தை வெட்டி எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அந்த இஸ்திரி சட்டைக்காரருக்கு என் குடும்பத்திலிருந்து ஒரு பதில் போனது போல இருந்தது.

ரேடியோக்காரரின் அக்கா ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் வந்து உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும். ஆட்கள் எழுந்து சுவரோரம் போய் நிற்பார்கள், கால் வலித்தாலும் பரவாயில்லை என்று. நானும் மாத்திரையை நீட்டியதோடு சரி. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

வழக்கு தொடங்குவதற்குள் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து சேர்ந்தார்கள். நம் அரசாங்கம்தான் உதவி கேட்டிருந்தது. ஒரு நாடு ரசாயனப் பரிசோதனைக்கு ஆள் அனுப்பியது, இன்னொரு நாடு கணினிக்கு. நாய்களுக்கென்று வந்தது ஓர் அம்மாள். குட்டையான உருவம், நரைத்த கிராப்பு, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த உடுப்பு. கூடவே பெட்டி நிறையக் குட்டிக் குட்டித் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வெடிமருந்தின் துளி; கையுறை போட்டு இடுக்கியால்தான் தொடுவார். போலீஸ்காரர்கள் அன்றைக்கே டப்பாக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பேசுவதை நம் மொழியில் சொல்ல ஓர் இளைஞர் வந்திருந்தார். அவர் அநியாயத்துக்கு மரியாதைக்காரர். டப்பாக்காரி எதையாவது தப்பு என்று சொன்னால் அதை அந்த இளைஞர், "தவறாக நினைக்க வேண்டாம்" என்று முன்னால் ஒன்று சேர்த்து, பின்னால் ஒரு மன்னிப்பும் கேட்டுத்தான் சொல்வாராம்.

ஊரார் சும்மா இருப்பார்களா? குண்டு வெடித்தது இங்கே, செத்தது நம் ஆள், கடல் தாண்டி வந்து இவள் என்ன சொல்லித்தரப் போகிறாள் என்று இவருடைய பிரிவிலேயே முணுமுணுத்தார்கள். அந்த அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்ததிலிருந்து நாயைப் பார்க்கவே இல்லை. நாய்க்காரர்களின் கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இவர் சொல்லிச் சிரித்தார், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி மேலும் கீழும் பார்க்கிறார் என்று.

ஒரு நாள் காலியான கிடங்கு ஒன்றில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தார். சிவப்பு நாடா கட்டிய பெட்டியில் மருந்து இருக்கிறது, மற்றதில் இல்லை, உங்கள் நாய்கள் அதைக் காட்டுகின்றனவா பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாய்கள் போயின. ஒன்றைத் தவிர எல்லா நாயும் சிவப்பு நாடாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தன. துரைதான் முதலில். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமே இல்லை. கிடங்கில் எந்தப் பெட்டியிலும் ஒன்றும் இல்லை.

பிறகு இடத்தை மாற்றி, யாருக்கும் எதுவும் சொல்லாமல் மறுபடி நடத்தினார். டப்பாவை ஒளித்து வைத்தவரும் வெளியே போய்விட்டார். துரை போனது, மோந்தது, மூலையில் கிடந்த ஒரு பழைய நாற்காலிக்கு முன்னால் சரியாக உட்கார்ந்தது. நாற்காலிக்கு அடியில் டப்பா இருந்தது. நாயின் மூக்கில் குறை இல்லை. அப்படியானால் குறை எங்கே?

அந்த அம்மாள் முதல் சோதனையின் வீடியோவைப் போட்டார். மெதுவாக ஓடவிட்டார். சிவப்பு நாடாப் பெட்டி வருகிறது. இவருடைய நடை தளர்கிறது. கையில் இருந்த வார் இறுகுகிறது. வலது கை பாக்கெட்டை நோக்கிப் போகிறது. துரை அந்தக் கையைப் பார்க்கிறது. அப்புறம்தான் உட்காருகிறது.

யாரையும் அவர் திட்டவில்லையாம். உலகத்தில் எல்லா ஊரிலும் இது நடக்கிறது, என் ஊரில் என் கையாலேயே நடந்திருக்கிறது என்றாராம். அந்த இளைஞர் வழக்கம்போல மன்னிப்பு கேட்டுக்கொண்டு இன்னொன்றையும் சொன்னாராம்: நாய் வெடிமருந்தை மட்டுமல்ல, உங்களையும் மோந்து பார்க்கிறது; எங்கே இருக்கிறது என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால், அது உங்களுக்காக உட்கார்ந்துவிடும்.

அன்று மாலை இவர் வீட்டுக்கு வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் துரையை நிறுத்தி, பாக்கெட்டுக்குள் கை விட்டார். துரை உட்கார்ந்தது. பழக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாலு அடி நடந்து மறுபடி கை விட்டார். உட்கார்ந்தது. செருப்புக்கு முன்னால், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், என் துணிக்கூடைக்கு முன்னால். என்ன நடந்தது என்று கேட்டேன். திண்டாடித் திணறி முழுக்கச் சொன்னார். அந்த இரும்பு அலமாரிக்கு முன்னால் தன் கை பாக்கெட்டுக்குப் போனது இப்போது ஞாபகம் வருகிறது என்றார். ஜீப்பிலேயே தான் முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டப்பாக்காரி பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடாதீர்கள் என்றேன். பதக்கம் கொடுத்தார்கள், பத்திரிகையில் போட்டார்கள், இப்போது போய் நாயும் நானும் தப்பு என்றால் ஊர் காறித் துப்பும் என்றேன். மகள் படிப்பை நினைத்தீர்களா என்றேன். இதெல்லாம் மேலுக்குச் சொன்னது. உள்ளே எரிந்தது வேறு.

"அவன் இல்லைன்னா வேற யாரு? சொல்லுங்க."

"தெரியாது. அதைத்தான் சொல்றேன், எனக்குத் தெரியாது."

"அப்ப அந்த ஆளுக்கு நான் என்ன பதில் சொல்றது? என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் செத்தாரே, அவருக்கு?"

அவர் துரையின் கழுத்து வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வண்டி போகலைன்னு அவர்கிட்ட நீ ஒரு பொய் சொன்னே. அது அவர் நிம்மதியாப் போறதுக்கு. இது அப்படி இல்லை. ஓர் ஆளைத் தூக்குல போடறதுக்கு."

நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினாராம். இந்த ஒரு வழக்கோடு போகாது, உன் நாய் உட்கார்ந்த பழைய வழக்கெல்லாம் தோண்டுவார்கள், மொத்தப் பிரிவின் தலையிலும் கல்லைப் போடாதே என்றாராம். வாயை மூடிக்கொண்டு இரு, இல்லையென்றால் துரையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று முடித்தாராம். அதிகாரி கெட்டவர் இல்லை, அவரும் அந்தக் கூடத்தில் பிணங்களைத் தூக்கியவர். அதனால்தான் அவருக்கு ரேடியோக்காரர் அவ்வளவு தேவைப்பட்டார்.

பிறகு டப்பாக்காரியிடம் போனார். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினார். அந்த அம்மாள் முடியாது என்று தலையை அசைத்தார். பயிற்சி கொடுக்கத்தான் ஒப்பந்தம், உங்கள் நாட்டு வழக்கில் நானாக மூக்கை நுழைக்க முடியாது, நுழைத்தால் நாளைக்கு எந்த நாடும் யாரையும் உதவிக்குக் கூப்பிடாது. ஆனால் உங்கள் நீதிமன்றம் கேட்டால் எந்தச் சோதனையும் செய்து உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்றார். கேட்க வைப்பது உங்கள் வேலை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். கடல் தாண்டி வந்து கைகழுவுகிறாளே என்று எனக்கு அப்போது வயிறு எரிந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நம் கூண்டில் ஏறி நிற்க வேண்டியது நம் ஆள்தான்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்னால் இவர் என்னையும் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா வா என்றார். காலை ஷிப்டு முடிந்து அப்படியே போனேன், தோளில் ஆஸ்பத்திரிப் பை. பேசக் கூடாதென்று நான் சொன்னதை மதித்துவிட்டார், துணைக்குக் கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். கூட்டம் நெரிந்தது. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நடுவில் ஒரு பெஞ்சில், குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கடைசிச் சுவரோரம், யாரும் உட்காராத ஒரு பெஞ்சில், ரேடியோக்காரரின் அக்கா தனியாக இருந்தார். ரேடியோக்காரர் கம்பிக்கு உள்ளே நின்றிருந்தார். பத்திரிகைப் படத்தில் பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார்.

அரசு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி. நாய் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்ததா? உட்கார்ந்தது என்றார் இவர். ரேடியோக்காரருக்கு அரசாங்கம் வைத்துக்கொடுத்த வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை, கேள்வி இல்லை என்று கையை ஆட்டினார். நீதிபதி, நீங்கள் போகலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

இவர் இறங்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன். ஆனா அது பாதிதான். மீதியை வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நாய் வெளியில நிக்குது. உள்ளே கூட்டிட்டு வர அனுமதி கொடுங்க."

அதிகாரி எழுந்தார். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். தூங்கி வழிந்துகொண்டிருந்த அந்த இன்னொரு வக்கீல் இப்போதுதான் விழித்துக்கொண்டு, காட்டட்டும் ஐயா என்றார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி இவரைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

துரை உள்ளே வந்தது. இத்தனை காலும் இத்தனை செருப்பும் பார்த்து அதற்கு ஒரே குஷி. இவர் வாரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். துரை மோந்துகொண்டே வந்தது, எங்கும் நிற்கவில்லை. சொந்தக்காரர்களைத் தாண்டினார்கள். அதிகாரியைத் தாண்டினார்கள். எங்கள் வரிசைக்கு வந்தார்கள். என் முன்னால் வந்ததும் இவருடைய நடை தளர்ந்தது. வார் இறுகியது. வலது கை பாக்கெட்டுக்குப் போனது.

துரை என் பைக்கு முன்னால் உட்கார்ந்தது.

கூடத்தில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்து ஓடினாள். பின்னால் இருந்தவர்கள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குண்டு வெடித்த நாளில் நான் யாரை அப்படிப் பார்க்க வேண்டும் என்று தேடினேனோ அந்தப் பார்வை. பையில் சாப்பாட்டு டப்பாவும் அழுக்கு யூனிபாரமும்தான் இருக்கிறது என்று கத்த வேண்டும் போல இருந்தது. சொன்னாலும் யார் நம்புவார்கள்? நாய் உட்கார்ந்துவிட்டதே. நான் இந்த ஊரில் எத்தனை பேருக்கு மருந்து கட்டியிருக்கிறேன், எத்தனை பேரைக் கையில் ஏந்தியிருக்கிறேன், ஒன்றும் அந்த நிமிஷத்தில் எனக்குத் துணைக்கு வரவில்லை.

யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. ரேடியோக்காரரின் அக்கா. சுவரோரத்திலிருந்து எழுந்து, அவ்வளவு பேரையும் தாண்டி வந்து, காலியாகிப்போன என் பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். என் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, இவங்க என் மனைவி" என்றார் இவர். "பையில ஒண்ணும் இல்லை, பார்த்துக்கலாம். இங்கேதான் இருக்குன்னு என் கை சொல்லுச்சு, நாய் உட்கார்ந்துச்சு. அந்தக் கடையிலயும் இதேதான் நடந்தது. அங்கே மருந்து இருந்துச்சா, இல்லையா, எனக்குத் தெரியாது. என் நாய்க்கும் தெரியாது."

காவலர் ஒருவர் வந்து அந்த அக்காவின் மடியிலேயே வைத்து என் பையைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டு டப்பா. யூனிபாரம். ஒரு சீப்பு.

அதன் பிறகு நீதிமன்றமே டப்பாக்காரியை அழைத்தது. அவர் எல்லோர் முன்னாலும் சோதனை நடத்தி, தான் கண்டதைச் சொன்னார். அந்த இளைஞர் அன்று ஒரு மன்னிப்பும் சேர்க்காமல் சொன்னார். அந்த இரும்பு அலமாரியில் துடைத்தெடுத்த பஞ்சைக் கடல் தாண்டிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மருந்தின் சுவடே இல்லை என்று பதில் வந்தது. ரேடியோக்காரரை விட்டுவிட்டார்கள். அவர் கடையைத் திறக்கவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். இவரிடம் வந்து நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? குண்டு வைத்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த இஸ்திரி சட்டைக்காரருக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமை பொங்கும்.

அதிகாரி சொன்னபடியே செய்தார். துரையை வேறு ஆளிடம் கொடுத்து, இவரைக் கிடங்கு வாசலில் காவலுக்குப் போட்டார்கள். பந்தை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழுகிற சத்தத்தோடு அழுகைச் சத்தமும் கேட்டது, நான் கேட்காதது போல இருந்துவிட்டேன். டப்பாக்காரி ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் வாசலில் இவரைத் தேடி வந்து கை குலுக்கிவிட்டுப் போனாராம். புதிதாக வருகிற நாய்க்காரர்களுக்கெல்லாம் இப்போது முதல் பாடமே பந்தை எந்தப் பாக்கெட்டில் வைக்கிறாய் என்பதுதான்; பந்து பின்னால் வருகிற வேறு ஆளிடம் இருக்க வேண்டும், நாய்க்காரருக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

நீதிமன்றத்திலிருந்து வந்த நாளில் நான் அவரிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அடக்க மாட்டாமல் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அவ்வளவு பேர் இருந்தாங்களே. அந்த அதிகாரி முன்னாடி உட்கார வெச்சிருக்கலாமே. எதுக்கு என் முன்னாடி?"

அவர் கால்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், வலது பாக்கெட்டைத் தைத்து மூடித் தரச் சொல்லிக் கேட்பதற்காக.

"வேற யார் முன்னாடி நிறுத்தியிருந்தாலும், ஒருவேளை இருக்குமோன்னு யாராவது நினைச்சிருப்பாங்க. நானே நினைச்சிருப்பேன். அந்தக் கூடத்துல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது உன்னை மட்டும்தான்."

நான் கால்சட்டையை வாங்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். பாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தேன். அப்புறமும் ஒரு வாரம் பேசவில்லை.